ஏசுபாதம் போட்ட லேமினேஷன்

இரும்புலியூரில் எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தை முதல்முறை பார்க்கிறவர்கள், "இதுவா?" என்றுதான் கேட்பார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, டயர் கடை, தண்ணீர் லாரிகள் நிற்கிற காலி மனை, ஒரு அபார்ட்மென்ட்டின் முதுகுப்பக்கம் எல்லாம் தாண்டி வந்தால் முள்கம்பி வேலி, இரண்டு வேப்பமரம், சிலுவைகள். இதுதான். யாருக்கு என்ன தோன்றினாலும் எங்கள் ஆட்கள் படுத்திருப்பது அங்கேதான்.

நான் ஆரோன். தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். ஏசுபாதம் அண்ணனுக்கு எதிர்வீடு. இந்தக் கதையில் வண்டி ஓட்டியதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. ஆனால் இதைச் சொல்ல வேண்டிய சபைக் கமிட்டிக்காரர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்தால் வேறு மாதிரி சொல்வார்கள். அந்த எரிச்சலில்தான் நான் சொல்கிறேன்.

அந்த இடத்துக்கு ஆதாரம் ஒரே ஒரு காகிதம். வெள்ளைக்காரன் காலத்தில் காலராவில் செத்தவர்களைப் புதைக்க இடமில்லாமல் எங்கள் ஆட்கள் நின்றபோது, நிலக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. பதிவு ஆபீஸ் வாசலை மிதிக்காத காகிதம். கெட்டித் தாளில் கறுப்பு மையில் நான்கு எல்லையும் எழுதி, கையெழுத்தும் சாட்சியும் வைத்திருந்தார்கள். 'கிழக்கே சுண்ணாம்புக் காளவாய் மேட்டின் அடி வரைக்கும்' என்று அதில் வரும். காளவாயும் போய், மேடும் போய், இப்போது அந்தப் பக்கம் மனைக்கற்கள்தான் நிற்கின்றன.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மெழுகுவத்தி ஏற்றி, பூ வைத்து, ஜெபம் முடிந்ததும் சபைச் செயலாளர் அந்தக் காகிதத்தைக் கல்லறைகளுக்கு நடுவில் நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். யார் ஆரம்பித்த பழக்கமோ தெரியாது. வேறு எந்தச் சபையிலும் நான் பார்த்ததில்லை. 'பயப்படாம தூங்குங்க, உங்கள யாரும் கெளப்ப முடியாது' என்று செத்தவர்களுக்குச் சொல்கிற மாதிரி இருக்கும். நவம்பர் மாதம் என்றால் எங்கள் பக்கம் மழை கொட்டும். ஒருவர் குடை பிடிப்பார், ஒருவர் படிப்பார், சாரல் காகிதத்தில் அடிக்கும், ஈரக் கையோடு மடித்து வைப்பார்கள். பொடிசுகளுக்குக்கூட அந்த வாசகம் மனப்பாடம்.

செயலாளர் ஏசுபாதம் அண்ணன். திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் கேட், ஷட்டர், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு செய்கிற ஒரு பட்டறையில் ஃபிட்டர். துரு பிடித்த இரும்பைச் சுரண்டாமல் அப்படியே பெயின்ட் அடிக்கிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. "உள்ள துருவ வெச்சி மூடினா அது உள்ளுக்குள்ளயே துன்னும்டா" என்று கத்துவார். காகிதம் அவர் வீட்டு பீரோவில் இருந்தது. சாவி அவர் அரைஞாணில்.

அவருக்கும் செல்வமேரி அக்காவுக்கும் ஒரே பிள்ளை, ஜெபின். பெருங்களத்தூரில் ஒரு லாரிக்காரன் அந்தப் பிள்ளையை பைக்கோடு சேர்த்துத் தேய்த்துவிட்டுப் போனான். மேற்குப் பக்கம் நிறைந்துவிட்டதால் கிழக்கு ஓரத்தில் புதைத்தோம். அக்கா அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அங்கே போவாள். அழமாட்டாள். உட்கார்ந்து அன்று என்ன சமைத்தாள், யார் வந்தார்கள், தண்ணீர் லாரி எப்போது வந்தது என்று மண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவாள்.

அந்த வருஷ டிசம்பரில் புயல் மழை. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் ஜெபினின் மார்க் ஷீட், ஐ.டி.ஐ. சர்டிபிகேட், லைசென்ஸ், சபைக் காகிதம் எல்லாம் ஒன்றாக இருந்தன. ஓரம் நனைந்துவிட்டது. அக்கா எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு பித்துப் பிடித்தவள் மாதிரி விசிறினாள்.

"எல்லாத்தையும் லேமினேஷன் போட்டுகினு வந்துருய்யா. எம்புள்ள பேரு கீற ஒரு காயிதம்கூட இனிமே நனையக் கூடாது," என்றாள்.

நான்தான் அண்ணனைக் கூடுவாஞ்சேரி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரப் பையன் சபைக் காகிதத்தைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் ஈரம் கீதே சார், உள்ள காத்து நிக்கும்," என்றான். "பரவால்ல போடு தம்பி. மறுபடி மழ வந்தா இன்னா பண்றது?" என்றார் அண்ணன். மெஷினிலிருந்து அது சூடாக, பளபளவென்று வெளியே வந்தது. அவர் அதைச் சட்டையால் துடைத்த அழகைப் பார்க்க வேண்டுமே!

அடுத்த கல்லறைத் திருநாளில் அவர் குடை இல்லாமலேயே படித்தார். தண்ணீர் பிளாஸ்டிக் மேல் வழுக்கி ஓடியது. அப்போதே எழுத்துகள் கொஞ்சம் பழுப்பாகத் தெரிந்தன என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். சும்மா. அன்றைக்கு ஒருத்தர் வாயிலிருந்தும் அது வரவில்லை. ஏசுபாதத்தைப் போலப் பொறுப்பான ஆள் வேண்டும் என்று பாஸ்டர் மேடையிலேயே பாராட்டினார். கை தட்டினோம்.

அதற்குப் பிறகுதான் கேஸ் வந்தது. பக்கத்து மனைகளை வாங்கிய புரமோட்டர், கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு ஓரம் தன் இடம் என்று கோர்ட்டுக்குப் போனான். நாங்கள் காட்டிய ஜெராக்ஸ் கள்ள வேலை என்றான். எங்கள் வக்கீல் ஒரிஜினலைக் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆராதனை முடிந்து வந்து, அவர்கள் வீட்டில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் பீரோவைத் திறந்து காகிதத்தை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். அப்படியே நின்றார்.

"இன்னாடி இது? டீ கீ ஊத்திட்டியா இதும்மேல?"

"நான் எதுக்கு ஊத்தறேன்? சாவி உன்னாண்ட தானே கீது," என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். வரிகள் வரிகளாக இல்லை. மை பரவிப் பழுப்புப் பட்டைகளாக நின்றது. காற்று நின்ற இடத்தில் தாள் வெடித்திருந்தது. சில எழுத்துகள் தாளிலிருந்து கழன்று, பிளாஸ்டிக்குக்குள்ளேயே கீழ்ப்பக்கம் கருந்தூளாகக் கிடந்தன. அண்ணன் அதைச் சாய்க்கச் சாய்க்க அந்தத் தூள் நகர்ந்தது.

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "கிழக்கு எங்கய்யா? அந்த வரிய காட்டு."

அண்ணன் விரலை வைத்தார். அங்கே ஓட்டைதான் அதிகம்.

பாஸ்டருக்குத் தெரிந்த பெண் ஒருத்தி சேலையூரில் இருந்தாள். ரோஹிணி என்று பெயர். ஒரு நூலகத்தில் பழைய ஏடுகளையும் காகிதங்களையும் பாதுகாக்கிற வேலை. அன்று சாயங்காலமே மூன்று பேரும் போனோம். மேஜையைத் துடைத்து, வெள்ளைத் தாள் விரித்து, அதன்மேல் வைக்கச் சொன்னாள். பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள்.

"யார் சார் இதை லேமினேட் பண்ணது?"

"நான்தாம்மா."

"சூடு பண்ணிப் போடறதா?"

"ஆமாம்மா. கெட்டியா நிக்கும்னாங்க."

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். "சார், இது கடுக்காயும் அன்னபேதியும் போட்டுக் காய்ச்சின மை. அந்தக் காலத்துல நல்ல மைன்னா இதான். தண்ணில கரையாது. ஆனா அன்னபேதில இரும்பு இருக்கு."

"இரும்பா? மையிலயா?"

"ஆமா. அதோட ஆசிடும் இருக்கு. ஈரம் பட்டா ரெண்டும் சேர்ந்து தாளை அரிக்கும். எங்க மை தடிமனா இருக்கோ அங்கதான் மொதல்ல ஓட்டை விழும். இந்த வரி பாருங்க, எழுதினவர் பேனாவை மையில புதுசாத் தொட்டு எழுதியிருக்கார்."

அது கிழக்கெல்லை வரி.

"வருஷா வருஷம் மழைல நின்னு படிப்போம்மா. அதாலயா?" என்று அண்ணன் கேட்டார்.

"அதுவும்தான் சார்."

"லேமினேஷன் போட்டது?"

அந்தப் பெண்ணுக்குச் சொல்ல மனசில்லை. ஆனால் சொன்னாள். "ஈரத்தை உள்ளயே வெச்சு, சூடும் குடுத்து, மூடிட்டீங்க சார்."

அண்ணன் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. "துருவ சொரண்டாம மூடிட்டேன்டா ஆரோனு," என்றார் என்னைப் பார்த்து. "ஊருக்கெல்லாம் சொல்லிகினு இருந்தனே."

"அத வுடு," என்று அக்கா வெடுக்கென்று சொன்னாள். "எம்மா, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. கிழக்கு எல்ல படிக்க முடியுமா, முடியாதா? எம்புள்ள அங்க கீறான்."

"எழுத்து உதிர்ந்த எடத்துல அந்த எழுத்து வடிவத்துலயே ஓட்டை இருக்கும்மா. வேற மாதிரி லைட்ல போட்டோ எடுத்தா படிக்க வாய்ப்பு இருக்கு. கேமரா ஆபீஸ்ல இருக்கு, அடுத்த திங்கக்கிழமைதான் ஃப்ரீயாகும். எழுத்து தெரிஞ்சா நானே எழுதி கையெழுத்துப் போட்டுத் தரேன். அதுவரைக்கும் பிரிக்காதீங்க, மடக்காதீங்க. இந்த பிளாஸ்டிக்தான் கெடுத்துது. இப்ப மீதியைப் பிடிச்சிட்டிருக்கறதும் இதான்."

"அப்ப நீயே வெச்சிக்கம்மா திங்கக்கிழம வரைக்கும்," என்றாள் அக்கா.

அண்ணன் உடனே காகிதத்தை எடுத்துக்கொண்டார். "அது முடியாது. சபை சொத்து. கமிட்டிய கேக்காம வெளிய வெக்கக் கூடாது."

"கமிட்டியா பெத்துது அவன?"

"செல்வமேரி, ஒரு முறைன்னு இல்லயா?"

அவருடைய முறை! கமிட்டிக்காரர்களே அதைப் பாதி மறந்திருந்தார்கள். இவர் மட்டும் வேதவசனம் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சர்ச்சில் கமிட்டி கூடியது. பொருளாளர் சாலமன் சார் டெலிபோன் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். எதையும் ஆபீஸ் ஃபைலைப் படிக்கிற மாதிரி பேசுவார். புரமோட்டர் சமாதானத்துக்குத் தூது விட்டிருக்கிறான் என்றார். கிழக்கு ஓரத்தை விட்டுக்கொடுத்தால் மிச்சத்தைச் சுற்றிச் சுவர், கேட், உள்ளே சிமென்ட் பாதை, குழாய் எல்லாம் செய்து தருவானாம்.

"அந்த ஓரத்துல கீறவங்கள?" என்று நான் கேட்டேன்.

"மரியாதையா மாத்தி வெச்சிடலாம்ப்பா. பழைய கல்லறைங்க அங்க இல்லியே, நாலஞ்சு புதுசுதான்."

அண்ணன் எழுந்து, திங்கட்கிழமை வரை பொறுக்கச் சொன்னார். ரோஹிணி சொன்னதையெல்லாம் ஒப்பித்தார்.

"போட்டோவ நீட்டினா கோர்ட்டு ஒத்துக்குமா?" என்றார் சாலமன் சார். "பிளாஸ்டிக்க பிரிச்சி தாளையும் மையையும் பாக்கணும்னு அவன் வக்கீல் கேக்கறான்."

"பிரிச்சா உதிந்துரும்னு அந்தப் பொண்ணு சொல்லுது சார்."

"எங்க எல்லாருக்கும் மனப்பாடம் சார்," என்றேன் நான். "கோர்ட்ல ஏறி வரிசையா சொல்றோம்."

"ஞாயிறு பள்ளி போட்டியாப்பா இது?" என்றார் அவர். ரெண்டு பேர் சிரித்தார்கள். அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "யாரைக் கேட்டு மூடின ஏசுபாதம்? மூடினவனுக்கு தொறக்கத் தெரியாதா? தெனமும் இரும்பையே வெட்டி ஒட்டற ஆளு, ஒரு கவர பிரிக்க வக்கில்லன்னா எப்படி?"

மறுபடி சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. பாஸ்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் திங்கட்கிழமை வரை பொறுப்பது என்று முடிவானது. முடிவானதே, அத்தோடு வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம் இந்த மனுஷன்.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. "ஆரோனு, பட்டறைக்கு வர்றியா?" அவ்வளவுதான் சொன்னார். சவாரியைப் பாதியில் இறக்கிவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு திருமுடிவாக்கம் போனேன்.

பட்டறையில் சாப்பாட்டு நேரம். வெல்டிங் புகை அடங்கியிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே தாங்க முடியாத புழுக்கம். அண்ணன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு இரும்புத் தகடு, பக்கத்தில் பிரிக்காத சாப்பாட்டுக் கேரியர். கூட வேலை செய்கிறவர்கள் சுற்றி நின்றார்கள்.

"நல்லாத்தான்டா வந்துது," என்றார். "தகட்ட லேசா சூடு காட்டி, அதும்மேல வெச்சி, ஓரத்துலேர்ந்து பிளேடு குடுத்து கொஞ்சம் கொஞ்சமா தூக்கினேன். மேல் பக்கம் பாதிக்கு மேல பிரிஞ்சிடுச்சி. ஒரு எழுத்து ஆடல. திங்கக்கிழம சாலமன் மூஞ்சில கொண்டுபோயி வீசலாம்னு நெனச்சேன்டா."

"அப்பறம்?"

"வேர்த்து ஊத்துது. வேர்வ அதுமேல சொட்டிரும்னு தோள்ல தொடச்சிகினே இருந்தேன். இவன் பாத்தான்." பக்கத்தில் நின்ற வெல்டரைக் காட்டினார். "அண்ணனுக்கு வேர்க்குதேன்னு பாவப்பட்டு ஃபேன போட்டான்டா."

வெல்டர் அழுதேவிட்டான். "எனக்கு இன்னா தெரியும்ண்ணா, எனக்கு இன்னா தெரியும்," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனைக் குற்றம் சொல்லி என்ன? பட்டறை ஃபேன், ஆள் உயரம். ஒரே வீச்சு.

தகட்டில் தாளின் ஓரங்கள் மட்டும் ஒட்டியிருந்தன. நடுவில் ஒன்றும் இல்லை. தரையெல்லாம் இரும்புத் தூள், கிரைண்டர் தூள். அதில் எது மை, எது தாள் என்று யார் பொறுக்குவது? அண்ணன் பொறுக்கியிருந்தார். கேரியர் மூடியில் கொஞ்சம் கறுப்பும் பழுப்புமாக இருந்தது. அதை அந்த மூடியோடு மடியில் வைத்துக்கொண்டு என் வண்டியில் வந்தார். குன்றத்தூர் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ளங்கையால் மூடினார்.

அக்கா வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். மூடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"பிரிச்சிட்டியா?"

"நான் கெடுத்தத நானே சரி பண்ணிரலாம்னு பாத்தேன் செல்வமேரி."

"அந்தப் பொண்ணு வாணாம்னுச்சி. நான் அதுகிட்டயே குடுன்னேன்."

"சாலமன் சொன்னது தாங்கல."

"சாலமன் சொன்னது தாங்கல உனக்கு." அவள் மீன் சட்டியைத் தூக்கிக் கொண்டாள். "எம்புள்ளைய தூக்கி வெளிய போடுவாங்களே, அத தாங்குவியா?"

அக்கா உள்ளே போய் மீனைக் குழம்பில் போட்டாள். சோறு வடித்தாள். அவருக்குத் தட்டு வைத்தாள். அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

திங்கட்கிழமை ரோஹிணியே போன் செய்தாள். நான்தான் எடுத்துச் சொன்னேன். "அந்த அம்மாவுக்கு நான் என்ன சொல்றது?" என்றாள்.

கமிட்டிக்கு நிம்மதி. ஆமாம், நிம்மதிதான். இனி அலைச்சல் இல்லை பாருங்கள். தாம்பரம் கோர்ட்டில் சமாதான மனு தயாரானது. சபைச் சார்பில் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் ராஜினாமா கொடுக்கிறேன் என்றார். "இந்த நேரத்துல ஓடினா எப்படி? போட்டுட்டு குடு," என்றார் சாலமன் சார்.

முந்தின நாள் அண்ணன் என்னைக் கூட வைத்துக்கொண்டு அக்காவிடம் கேட்டார். "நீ வாணாம்னா நான் போடல செல்வமேரி. இன்னா ஆனாலும் ஆவட்டும்."

அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பாமல் என்னிடம் சொன்னாள்: "ஆரோனு, அவர கேளு. லேமினேஷன் போட்டப்ப நான் சொல்லி போட்டாரு. பிரிச்சப்ப சாலமன் சொல்லி பிரிச்சாரு. இப்ப நான் வாணான்னு சொல்லணுமா? அவரா ஒரு வாட்டி வாணான்னு சொல்லமாட்டாரா?"

மறுநாள் அண்ணன் சொல்லவில்லை. கோர்ட் வராண்டாவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வக்கீல் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அண்ணன்மேல் எனக்கு இருந்த பாசமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது. ஆனால் அவரைத்தான் வீட்டுக்கு ஏற்றி வந்தேன்.

ரெவின்யூ ஆர்.டி.ஓ. ஆபீஸ் அனுமதி வந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மாற்றினார்கள். பெற்றவர்கள் வர வேண்டாம் என்று பாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள். வெட்டியவர்கள் பக்குவமாகத்தான் வெட்டினார்கள். அண்ணன் குழிக்குள் இறங்கி, கிடைத்ததை வெள்ளைத் துணியில் தானே எடுத்து வைத்தார். பிள்ளையின் பெல்ட் பக்கிள் அப்படியே இருந்தது. அக்கா கையை நீட்டி அதைக் கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மேற்குச் சுவரோரம் மிஞ்சிய ஒடுக்கத்தில், புதிதாகப் போட்ட குழாய்க்குப் பக்கத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். சின்னக் குழி போதுமானதாக இருந்தது. பாஸ்டர் நீளமாக ஜெபித்தார். சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள் என்பதை இரண்டு தரம் சொன்னார். கடைசியில் எல்லோரும் ஆமென் என்றார்கள். அக்காவின் உதடு அசையவில்லை. பாஸ்டர் அதைக் கவனித்துவிட்டார்.

"ஆமென் சொல்லும்மா செல்வமேரி. மனசு லேசாகும்."

"எம்புள்ளைய ரெண்டு தரம் பொதச்சிட்டேன் பாஸ்டர். எனக்கு லேசாவ வாணாம்," என்றாள். "கையெழுத்து போட்டவங்க சொல்லட்டும். நான் போடல."

சாலமன் சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அண்ணன் குழியோரம் மண்ணும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். முதலில் மற்றவர்கள் சொன்னபோது அவரும் சொல்லியிருக்கவில்லை. இப்போது தலையைக் குனிந்து, தனியாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஆமென்."